பதினேழாம் படி

மூலக்கதையில் அவளுக்கு அரை வரி.
“வேலைக்காரப் பெண்ணொருத்தி,
மழைநீர்த் தொட்டியில், விடிகாலை.”
அடுத்த நாலு பக்கமும்
எஜமானரின் தலைமயிர்
ஒரே இரவில் வெளுத்த கதை.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில்
மூன்று இதழ் ஓடிய தொடர்.
எழுதியவர் ‘ஒரு கனவான்’. பெயர் கிடையாது.
இரவு இரண்டு மணிக்கு மாடிப்படியில்
நிலக்கரி வாளி ஏறும்.
கதவைத் திறந்தால் ஆளில்லை, ஈரப் பாதங்கள்.
எல்லாம் ஏறியவை.
இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை.

அதைத் திருப்பி எழுதுகிறாள் லினெட் போஸ்டில்,
ஹோல்டர்னெஸ் கரையில் ஒரு கேரவனுக்குள்.
களிமண் கரை. கடல் அதைக்
கேக் வெட்டுவதுபோல் வெட்டி எடுக்கிறது.
கதையில் வரும் மாளிகை நின்ற இடம்
அலைக்குள் போய் அறுபது வருடம்.
பகலில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை:
இருபத்தாறு கட்டில், இருபத்தாறு விரிப்பு,
மணிக்கணக்கில் கூலி.

முதலில் பெயர் வைத்தாள். கெஸையா.
யோபு எல்லாம் இழந்த பிறகு
இரண்டாம் தடவை பெற்ற மகள்களில் நடுவில் உள்ளவள்.
முன்னே செத்த மகள்களுக்கு
வேதத்தில் பெயரே இல்லை,
அது லினெட்டை ரொம்ப நாள் உறுத்தியது.

பிறகு விரல்களில் பனிவெடிப்பு கொடுத்தாள்.
வாளி பழகித் தாழ்ந்த இடத்தோள்,
கடுகுச் சாந்தின் மேல் பைத்தியம்,
ஹல் துறைமுகத்தில் கடன்காரத் தம்பி.
பதினொரு கணப்பு, நாளைக்கு இரண்டு முறை,
நாற்பத்திரண்டு படி.
கூட்டிப் பார்த்தாள்.
கால்குலேட்டரை மூடிவிட்டு
ஒரு சிகரெட் பற்றவைத்தாள்.

பத்து அத்தியாயம் போனது.
லண்டனிலிருந்து இமோஜன் எழுதினாள்:
“கெஸையாவை எல்லாருக்கும் பிடித்துவிட்டது.
எப்போது சாகிறாள்?”

சாகத்தான் வேண்டும்.
சாகாமல் ஆவி ஏது, ஆவியில்லாமல் அட்டையில் என்ன போடுவது?
தொட்டிக்கரை வரை கூட்டிப்போனாள் மூன்று முறை.
ஒருமுறை எஜமானர் தள்ளினார்,
ஒருமுறை பனிக்கட்டி வழுக்கியது,
ஒருமுறை அவளே.
மூன்றையும் அழித்தாள்.
பேயும் பெயரும் ஒலியில் பக்கத்து வீட்டுக்காரர்கள்,
ஆனால் பெயர் வைத்தவளைப் பேயாக்கக்
கை வரமாட்டேன் என்கிறது.
அந்தக் கனவானுக்கு எவ்வளவு எளிதாய் இருந்திருக்கும்!

பிப்ரவரியில் ஒரு இரவு, இரண்டு மணிக்கு,
கேரவனின் இரும்புப் படியில் வாளிச் சத்தம்.
மூன்றே படிதான். மூன்றும் ஏறியது.
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
(இத்தனை எழுதியும் பயம் வருகிறது பாருங்கள்)
கதவைத் திறந்தால்
பக்கத்து கேரவன் க்ளிஃப் மெட்கால்ஃப்,
பைஜாமாவும் மழைக்கோட்டும்,
கையில் டார்ச், தூண்டிற்புழு வாளி.
“வேலி போயிருச்சு, பொண்ணே.
விளக்குக் கம்பமும் போயிருச்சு.
விடிஞ்சா டிராக்டர் வரும், சாமானைக் கட்டு.”

அவள் சாமான் கட்டவில்லை. உட்கார்ந்து எழுதினாள்.

பதினேழாம் படியில் கெஸையா வாளியைக் கீழே வைக்கிறாள்.
தோளைப் பிசைந்துகொள்கிறாள்.
இறங்கி, வேலைக்காரர்களுக்கு விலக்கப்பட்ட
முன்வாசல் வழியாக,
தாழ்ப்பாளைத் திரும்பப் போடாமல்,
போகிறாள்.
மேலே எஜமானர் போர்வைக்குள் காத்திருக்கிறார்.
ஒன்று. ஒன்றரை. இரண்டு.
சத்தமே இல்லை.
கணப்பில் சாம்பல் மட்டும்.
யாராவது வரவேண்டுமே என்று
அவர் முதன்முதலாக நினைக்கிறார்.
அவர் தலைமயிரைப் பற்றி லினெட் எதுவும் எழுதவில்லை.

இமோஜனின் பதில் இன்னும் வரவில்லை.
டிராக்டர் கேரவனை
நாற்பது மீட்டர் உள்ளே இழுத்து நிறுத்தியிருக்கிறது.
இரும்புப் படியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.
விளிம்பில் நிற்கிறது அது,
கடலைப் பார்த்து, மூன்று படி,
நனைந்து.